உஷார்! "டிராக்டர் பாகம்தாங்க" என்று சொல்லி வரும் ஆர்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறீர்களா? காக்களூரில் சிஎன்சி ஜாப் ஒர்க் எடுக்கிறீர்களா? தேர்வாய் கண்டிகைப் பக்கம் கெமிக்கல் யூனிட்டா? வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தால் கடனை அடைத்துவிடலாம் என்று இருக்கிறீர்களா? அட்வான்ஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் செய்யும் பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது? தெரியாவிட்டால், ஆபத்து உங்கள் தலையில்தான்.

"நமக்கும் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தானே இருக்கிறது? 2024 மே மாதம் ஷாங்காயிலிருந்து கராச்சிக்குப் போகும் கப்பல் அங்கே வந்து நின்றது. அதில் 103 டிரம், சுமார் 2,560 கிலோ ரசாயனம். சீனாவின் செங்டு நகர நிறுவனம் ஒன்று ராவல்பிண்டி நிறுவனத்துக்கு அனுப்பியது. வாயில் நுழையாத பெயர்: ஆர்த்தோ குளோரோ பென்சிலிடின் மாலனோநைட்ரைல். சாதாரண ஆள் படித்தால் ஏதோ மருந்துச் சரக்கு என்று நினைப்பார். கண்ணீர்ப்புகைக்குப் பயன்படுவது இது. நம் நாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் சரக்கு. சுங்கத்துறை நிறுத்தியது, சோதித்தது, ஜூலையில் பறிமுதல் செய்தது.

அதற்கு முன் 2020 பிப்ரவரியில், குஜராத்தின் கண்ட்லாவில் சீனாவிலிருந்து வந்த கப்பல் ஒன்றை நிறுத்தினார்கள். காகிதத்தில் 'இண்டஸ்ட்ரியல் டிரையர்' என்று இருந்தது. உள்ளே இருந்தது பெரிய ஆட்டோகிளேவ். ஏவுகணை வேலைக்கும் உதவக்கூடிய கருவி என்பதால் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் நிபுணர்களே வந்து பார்த்தார்கள்.

பெரிய கப்பலுக்கே இந்தக் கதி. சின்னப் பட்டறைக்கு? எனக்குத் தெரிந்த ஒருவர், ஊர் பேர் வேண்டாம், இப்படி ஒரு ஆர்டரில் மாட்டப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. "தண்ணீர் பம்புக்கு ரிங், சார்." டிராயிங்கைத் திறந்து பார்த்தால், வலது கீழ் மூலையில் கம்பெனிப் பெயரும் பாகத்தின் பெயரும் இருக்க வேண்டிய கட்டம் வெறும் வெள்ளை. மெட்டீரியல், மாரேஜிங் ஸ்டீல். டாலரன்ஸ் சில மைக்ரான். தண்ணீர் பம்புக்கு யாராவது அந்த விலை எஃகைப் போடுவார்களா? அவருக்கும் உறுத்தியது. ஆனால் முழுப் பணமும் முன்னாலேயே வருகிறது. ரேட்டும் பேரம் பேசவில்லை. சம்மதித்துவிட்டார்.

பணம் வந்தது ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து இல்லை. வேறொரு நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து. பேங்க் கேள்வி கேட்டது, பணத்தை நிறுத்தி வைத்தது. கஸ்டம்ஸ் புரோக்கர் ஷிப்பிங் பில் போடும் முன் ஒரே கேள்வி கேட்டார்: "இது யாருக்கு?" அதை அந்த வாட்ஸ்அப் எண்ணில் கேட்டதும் பதிலே இல்லை. எஃகு பட்டறையில் கிடக்கிறது. ஆயுத பூஜைக்குப் பையன்களுக்குப் போனஸ் கொடுக்க முடியவில்லை. சரக்கு ஏறாமல் தப்பியதே அவர் அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன்.

பொய்ப்பெயர் போட்டு ஆயுதம் செய்வது புதிதில்லை. ஜெர்மனி உலக நாடுகளையே அப்படித்தான் ஏமாற்றியது, தன் மக்களையும் சேர்த்து.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1919 வெர்சாய் ஒப்பந்தம் டாங்க் கூடாது, நீர்மூழ்கி கூடாது, போர் விமானம் கூடாது என்றது. படை ஒரு லட்சம் பேர், அவ்வளவுதான். நடந்தது என்ன? 1922இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கப்பல் வடிவமைப்பு அலுவலகம் திறந்தார்கள். பின்னால் இருந்தவை ஜெர்மன் கப்பல் கட்டும் ஆலைகள், குருப் (Krupp) என்ற தொழிலதிபர் குடும்பத்தினுடையதும் அதில் ஒன்று. வேறு நாடுகளுக்கு நீர்மூழ்கி வரைந்து கொடுத்தபடியே கைப்பழக்கத்தை விடாமல் காத்தார்கள். டாங்கை 'பெரிய டிராக்டர்' என்று பெயரிட்டு குருப், ரைன்மெட்டல், டைம்லர் கம்பெனிகள் செய்தன. சோவியத் நாட்டில் கசான் அருகே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். ஹிட்லர் வந்தபின் பணத்துக்கும் ஒரு வேஷம். 'உலோக ஆராய்ச்சிக் கம்பெனி' என்று பெயர், மெஃபோ என்று சுருக்கம். குருப்பும் சீமென்ஸும் பங்குதாரர்கள். அதன் உண்டியல்களில்தான் ஆயுத ஆலைகளுக்குப் பணம் போனது, பட்ஜெட்டில் தெரியாமல்.

இந்த ரகசிய ஆயுத வேலையைக் கண்டுபிடித்து எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது? ரகசிய விமானப்படை வேலை பற்றி 1929இல் தன் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்ட ஆசிரியர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கிக்கு 18 மாதச் சிறை. பிறகு நாஜி முகாம். நோபல் அமைதிப் பரிசு கிடைத்தும், முகாமில் கெட்ட உடல் தேறவில்லை, 1938இல் இறந்தார்.

பட்டறைக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியவர் இன்னொருவர். புருனோ டெஷ். ஹாம்பர்க்கில் பூச்சி மருந்து வியாபாரம். துணிப்பேன், கிடங்குப் பூச்சி கொல்லும் சைக்ளான் பி விற்றார். அது முகாம்களில் மனிதர்களைக் கொல்லப் போனது. 1946இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தில் அவர் சொன்னது: எனக்குத் தெரியாது. அவர் அலுவலகக் கணக்கரே எதிராகச் சாட்சி சொன்னார். டெஷுக்கும் அவருடைய துணை நிர்வாகிக்கும் தூக்கு. "வித்தேன், அவ்வளவுதான்" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

சரி, எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

சொல்லும் உபயோகத்துக்கும் கேட்கும் தரத்துக்கும் ஒட்டவே இல்லை. டிராயிங்கில் பெயர்க் கட்டம் காலி. மார்க்கிங், லேபிள் எதுவும் போடாதே என்கிறார். விலையைப் பற்றிப் பேசவே மாட்டார்! பணம் ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு, பில் இன்னொரு நாடு. இன்ஸ்டலேஷன் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவரின் 'எண்ட் யூசர்' கடிதம் கேட்டால் கோபம் வருகிறது. ஷிப்பிங் பில்லில் பொருளின் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்கிறார். கடைசியாகச் சொன்னது ஒன்று இருந்தாலே போதும், போனை வைத்துவிடுங்கள்.

நம் நாட்டில் இதற்கு ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. குறிப்பிட்ட ரசாயனங்கள், விசேஷ உலோகங்கள், துல்லிய மெஷின் டூல்கள் அதில் வரும். லைசென்ஸ் இல்லாமல் அனுப்பக் கூடாது. சரக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டிராயிங்கை இமெயிலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், பட்டியலில் இல்லாத பொருளைக்கூட அனுப்ப முடியாது. அதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அபராதம் லட்சக்கணக்கில். சிறையும் உண்டு. ஏற்றுமதிக்கான உங்கள் ஐஇசி எண்ணையே முடக்கலாம், அதோடு ஏற்றுமதித் தொழிலே முடிந்தது.

மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். மெஷினில் நிற்கும் பையனுக்கும் சொல்லுங்கள், டிராயிங்கை முதலில் பார்ப்பவன் அவன்தான். சந்தேகம் வந்தால் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை சரக்கு கேட்டைத் தாண்ட வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சு, டிராயிங், பேங்க் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு விசாரணை வந்தால் நீங்கள் கேள்வி கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.