பின்னி வழக்கும் பிரித்தானியத் தொழிற்சங்க ஆதரவும்: பதிவு என்னும் நிபந்தனை

கொரட்டூருக்குக் கிழக்கே, அதே இருப்புப்பாதையில் சில நிலையங்கள் தள்ளி அமைந்துள்ளது பெரம்பூர். அங்குள்ள பின்னி ஆலைத் தொழிலாளரிடையே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1920 இறுதியில் ஆலைப் பூசல் முற்றியபோது, வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டியதாகச் சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலியோர் மீது நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் இழப்பீட்டைக் கைவிட்டது. ஆனால் 13 தொழிலாளர் மீண்டும் வேலையில் சேர்க்கப்படவில்லை. வாடியா தொழிற்சங்க இயக்கத்திலிருந்தே விலக நேர்ந்தது.

பிரித்தானியத் தொழிற்சங்கத்தினருக்கு இது பழகிய காயம். 1901-ஆம் ஆண்டின் டாஃப் வேல் தீர்ப்பால் அங்கு ரயில்வே ஊழியர் சங்கமொன்று 23,000 பவுண்டு இழப்பீடு செலுத்த நேர்ந்தது. அதன் எதிர்வினையாகவே 1906-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அப்பட்டறிவோடுதான் 1921 மார்ச்சில் அவர்களது தூதுக்குழு இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, இந்தியச் சங்கங்களுக்குச் சட்டக்காப்புக் கோரியது. (இந்தியக் கூலி உயர்வதில் லங்காஷயருக்குத் தன்னலமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.) அதே மாதம் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் இதே நோக்கில் தீர்மானம் கொணர்ந்தார்.

1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இத்தகைய உரிமையியல் வழக்குகளிலிருந்து காப்பளித்தது. எனினும் பிரித்தானியாவில் எல்லாச் சங்கங்களுக்கும் கிடைத்த காப்பு, இங்குப் பதிவுபெற்றவற்றுக்கு மட்டுமே உரியதாயிற்று. இவ்வேறுபாட்டை ஆய்வாளர் பலர் கடந்துசென்றுவிடுகின்றனர். திருப்பெரும்புதூர் வட்டாரச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்தம் சங்கத்தின் பதிவே முதன்மைச் சிக்கலாக இருந்தது; 2025 ஜனவரியில்தான் அது கிடைத்தது.