கைமாறிய மெய்ப்புத் தாள்கள்

கம்பைநல்லூரில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனான என்னிடம் மாணவர்கள் ஐயம் கேட்க வருவதுண்டு. அண்மையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டது வேறு வகை: இந்தச் சூத்திரங்களைக் கண்டவர்கள் எதைப் படித்துவிட்டுக் கண்டார்கள்?

1928இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு உரையாற்ற வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டை, அங்கே பயின்ற சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அணு அமைப்பு குறித்த அவருடைய நூலைத் தாமே முயன்று படித்திருந்த துணிவு. கிடைத்ததோ அதிர்ச்சி. அந்த நூலில் இருந்த இயற்பியல் பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் அனைத்தையும் மாற்றிவிட்டார்கள் என்றார் சோமர்ஃபெல்டு. அத்துடன் விட்டுவிடாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது பற்றிய தம் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் கொடுத்தனுப்பினார்.

ஒரே நிலையில் இரு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது; நெருக்கினால், குளிர்ந்த நிலையிலும் எதிர்த்துத் தள்ளும். இதுவே அத்தாள்களின் அடிப்படை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனைத் தாங்குவதும் இந்த எதிர்ப்பே என்று 1926இல் கேம்பிரிட்ஜின் ஃபவுலர் காட்டியிருந்தார். புதிய கொள்கையைக் கற்றுச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை, அந்த ஃபவுலர் வழியாகவே 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில், ஒளியின் வேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்களுக்குச் சார்பியலையும் பொருத்திப் பார்த்தார். எதிர்ப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. இன்றைய கணக்கில் அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அப்போது அவருக்கு வயது 19.

நம் பாடநூல்களில் இவ்வளவும் ‘சந்திரசேகர் எல்லை’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். வரலாற்றை உரித்தெடுத்த இயற்பியல், எங்கோ எவரோ முடித்துவைத்துவிட்ட ஒன்றாகவே மாணவருக்குத் தோன்றும். கம்பைநல்லூரில் இருப்பவருக்கு அந்தத் தொலைவு இன்னும் பெரிது.

நூல் வாங்கித் தந்தால் போதுமே என்பார்கள். இயற்பியலாளர்களின் நல்ல வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழி மாணவர் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுகிறார். எனவே நான்கைந்து பக்கங்களில் தமிழில் எழுதி, ஒளிநகல் எடுத்துக் கொடுக்கிறேன். சிறு வேலைதான். ஆனால் மேக்நாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாக்கி, 1920இல் கல்கத்தா பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்ததும் இத்தகைய தேவையால்தான்.

அம்மாணவருக்குக் கொடுத்த முதல் நகலில் எடிங்டனும் வருகிறார். விண்மீன்களின் உள்ளமைப்பு குறித்த அவரது நூலைச் சந்திரசேகர் கல்லூரி நாட்களில் பரிசாகப் பெற்றிருந்தார். வெண்குறு விண்மீன் எப்படிக் குளிர முடியும் என்ற புதிரை எழுப்பியதே அந்த நூல். அதே எடிங்டன் 1935 ஜனவரியில், லண்டனில் வானியலாளர்களின் அவையில், சந்திரசேகரின் முடிவை எள்ளி ஒதுக்கினார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

தாள்களைத் திருப்பித் தந்தபோது மாணவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: புதிரை எழுப்பியவரே விடையை ஏன் ஏற்கவில்லை? அடுத்த நகலை அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.