மென்பொருள் முகவரும் வழங்கற் சங்கிலியும்

மூலப்பொருள் வழங்குவோன் முதலாக நுகர்வோன் ஈறாக நீளும் வழங்கற் சங்கிலியில், கேள்வியும் வரவும் மாறுந்தோறும் தாமே ஆராய்ந்து பேரம் பேசும் கணினி நிரல்கள் மென்பொருள் முகவர் எனப்படும். இவற்றின் திறனைச் சோதித்தற்கு 2003 இல் ஒரு போட்டி தொடங்கிற்று. கற்பனைச் சந்தையொன்றில் ஆறு நிரல்கள், 220 நாள்களுக்கு, உறுப்புகளை வாங்கிக் கணினிகளாகப் பொருத்தி விற்றல் வேண்டியிருந்தது.

முதல்நாளில் உறுப்புகள் மலிவாகக் கிடைத்தன. அதனைக் கண்டுகொண்ட நிரல்கள் பல, பின்னர் எழும் கேள்வியை அறியுமுன்னரே பெருந்தொகையாக வாங்க முற்பட்டன. மாற்றத்துக்கு இசைதற்கென ஆக்கப்பட்டவை முதல்நாளிலேயே தம்மைத் தாமே கட்டிக்கொண்டமை வியப்பே. பலவும் அவ்வாறு செய்யின் கணினிகள் மலிந்து விலை வீழும், எவருக்கும் ஆதாயமில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 'டீப் மெய்ஸ்' என்னும் தம் நிரலை வேறுவிதமாக இயக்கினர். அது முதல்நாளிலேயே மிகப்பெருந்தொகைக்கு விலை கேட்டு, ஏனையவற்றின் பெருங் கோரிக்கைகளுக்கு இடமின்றிச் செய்தது. விளைவோ எதிர்பாராதது: தடுத்த நிரலுக்கு மட்டுமன்றித் தடுக்கப்பட்டவற்றுக்கும் ஆதாயம் கூடிற்று. 2004 இல் விதிகள் திருத்தப்பட்டன. ஆயினும் முதல்நாட் கொள்வனவு ஒழியவில்லை.