கானகம் காக்கும் கரங்களுக்குக் கூலி எங்கே?



ஆண்டுக்கொரு முறை நாலு பேர் சேர்ந்து சீட்டுப் போட்டு, வேன் பிடித்து, பெண்டு பிள்ளைகளோடு நீலகிரிக்குப் போகிறோம். முதுமலைக்குப் போகிறோம், தெப்பக்காட்டில் யானைகள் கவளம் வாங்கித் தின்பதைக் கண்டு களிக்கிறோம். திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் புலி வாங்குகிறோம். போய்வந்ததற்கு அடையாளம் அது!

எந்த ஊருக்கு அடையாளம்? அந்தப் புலி எங்கோ ஓர் ஆலையில் அச்சில் வார்க்கப்பட்டது. முதுமலை மண்ணை அது மிதித்ததில்லை. முதுமலை மக்களின் வியர்வை ஒரு துளியும் அதில் இல்லை. நம் பணம் மலை ஏறியது. மலைவாழ் மக்களின் கையைத் தொடாமலே இறங்கிவிட்டது. உழைத்தவனுக்குக் கூலி எங்கே என்று ஆலை வாயிலில் நின்று கேட்பவர்கள் நாம். அதே கேள்வியைக் காட்டின் வாயிலிலும் கேட்க வேண்டாமா?

"காடும் புலியும் கனவான்களின் பொழுதுபோக்கு. நமக்கு என்ன வந்தது?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. வந்தது தண்ணீர்! முதுமலைக் காட்டை ஒட்டி ஓடுகிற மாயாறுதான் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீரால் கோபியில் நெல் விளைகிறது. ஈரோட்டுச் சீமையில் மஞ்சள் விளைகிறது. களை எடுப்பவளின் கூலியும் மூட்டை தூக்குபவனின் கூலியும் அந்தத் தண்ணீரில் மிதந்து வருகின்றன. காடு வறண்டால் கனவானுக்குப் பொழுதுபோக்குதான் குறையும். நமக்கோ உலையில் அரிசி குறையும்!

1940-இல் முதுமலை சரணாலயம் ஆயிற்று. 2007-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இன்று அதன் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். அதில் 321 சதுர கிலோமீட்டர் உள்வட்டம். அந்நியர் ஆட்சியும் நம்மவர் ஆட்சியும் மாறி மாறிச் சட்டம் போட்டன. எல்லைக்கல் நட்டார்கள், காவலர் நிறுத்தினார்கள். ஆனால், எல்லைக்கல் நடுவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். தேன் எடுத்தவர்கள், யானையைப் பழக்கியவர்கள், காட்டின் ஒவ்வொரு தடத்தையும் கால்களால் படித்தவர்கள். பணியர்களின் கதை இன்னும் கொடியது. தலைமுறை தலைமுறையாக நிலக்கிழார்களிடம் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் அவர்கள். காட்டைக் காக்கிறோம் என்று சொன்னவர்கள் இந்த மக்களைக் கண்டால், களவாட வந்தவர்கள் என்று ஐயுற்றார்கள். 1992-இல் வாச்சாத்தியில் அந்த ஐயம் எவ்வளவு பெரிய வெறியாட்டமாக மாறியது என்பதை நம் இயக்கத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் தருமபுரி நீதிமன்றமும், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தக் கொடுமையைக் குற்றம் என்று உறுதி செய்தன.

காட்டைக் கெடுத்தவர் உண்மையில் யார்? ஒரு செடியின் கதையைக் கேளுங்கள்.

உண்ணிச்செடி என்றால் உங்களுக்குத் தெரியும். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்து வேலியோரம் நிற்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். துரை கப்பலேறிவிட்டான், செடி போகவில்லை! பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் தூவின. வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கிறது. தீ எரிந்து போன இடத்தில் முதலில் முளைக்கிறது. தன் நிழலில் புல்லை வாழவிடுவதில்லை. அதன் இலையோ தின்ற மாட்டுக்கு நஞ்சு. இந்தியாவின் புலிக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அது படர்ந்திருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. புல் போனால் மான் எதைத் தின்னும்? மான் போனால் புலி எதைத் தின்னும்? காட்டில் தீனி குறைந்தால் யானை தோட்டத்துக்கும் வயலுக்கும் வருகிறது. அங்கே அது மிதிப்பது ஏழை விவசாயியின் வாழையை; சில நாள் ஏழையின் உயிரையே.

ஆக, துரை நட்ட செடிக்குத் தண்டனை அனுபவிப்பவர்கள் ஏழையும் யானையும்!

இந்த நச்சுச் செடியைத்தான் அம்மக்கள் கலையாக்கினார்கள். கூடலூர்ப் பகுதியின் பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும், அவர்களோடு சோளகரும், உண்ணிச்செடியின் தண்டை வெட்டி எடுத்தார்கள். வேகவைத்துப் பதப்படுத்தி, பட்டையை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து வளைத்துக் கட்டினார்கள். எழுந்து நின்றது யானை! நிஜ யானையின் உயரம். நிஜ யானையின் சாயல். தங்கள் ஊரைச் சுற்றித் திரியும் யானைகளையே, இன்ன யானை இப்படித்தான் நிற்கும் என்று அறிந்தவர்கள் செய்த உருவங்கள் அவை. 2021-இல் அந்த யானைகள் லண்டன் மாநகரின் பூங்காக்களில் நின்றன. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போய் நியூபோர்ட்டிலும் நியூயார்க்கிலும் மயாமிக் கடற்கரையிலும் நின்றன. ஏறத்தாழ 200 பேரின் கைகள் அவற்றைச் செய்தவை. எந்தக் கையைக் களவுக் கை என்றார்களோ, அந்தக் கையின் வேலையைக் காண வெள்ளையர் நாட்டில் கூட்டம் கூடியது.

இதே செடியில் நாற்காலி செய்கிறார்கள், கூடை செய்கிறார்கள், கையடக்கமான யானையும் செய்கிறார்கள். உதகையைச் சுற்றியுள்ள தோடர் மந்துகளில் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்கிறார்கள். கோலம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணியே ஊசியை ஏற்றுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை கலை மட்டுமா? உழைப்பும் அல்லவா!

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. கூடை முடைவதால் மட்டும் உண்ணிச்செடி ஒழிந்துவிடாது. கைவினைக்கு வேண்டியது தண்டு. காட்டுக்கு வேண்டியதோ செடியைத் தூரோடு களைந்து, அந்த இடத்தில் மீண்டும் புல் வளர்ப்பது. அது பெரும் வேலை, பல்லாண்டு வேலை. அந்நியச் செடிகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது நல்லதே. அந்த வேலையை ஒப்பந்தக்காரன் எந்திரம் வைத்துச் செய்து பில் போடுவதா? காட்டை அறிந்த மக்கள் நியாயமான கூலி பெற்றுச் செய்வதா? இதுதான் கேள்வி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும், தேன் முதலான சிறு வன விளைபொருள்மீது உரிமையையும் அம்மக்களுக்கு அளித்திருக்கிறது. ஏட்டில் இருக்கும் உரிமை வீட்டுக்கு வந்து சேர வேண்டும்!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இயற்கையை விற்கிறோம் என்று யானை நடக்கும் பாதையிலேயே சொகுசு விடுதி கட்டினார்கள் செல்வச் சீமான்கள். யானை வழித்தடத்தில் எழுந்த அந்த விடுதிகளை அகற்றச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சுள்ளி பொறுக்கிய கிழவியைத் துரத்துவது எளிது. விடுதி முதலாளியை அசைக்க எத்தனை ஆண்டு, எத்தனை நீதிமன்றம், பார்த்தீர்களா?

எனவே தோழர்களே, மலைக்குப் போங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைப்பவனுக்கும் ஓய்வு வேண்டும். அவன் பிள்ளைக்கும் யானை பார்க்க உரிமை உண்டு. ஆனால் விருந்தாளியாகப் போங்கள். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் வீசாதீர்கள். பிளாஸ்டிக் பையை மலைக்குக் கொண்டு போகாதீர்கள். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அது விலங்கின் ஓய்வு நேரம் என்று மதியுங்கள். எட்டு மணி நேர வேலைக்குப் போராடியவர்களுக்கு ஓய்வின் அருமையை யார் சொல்லித்தர வேண்டும்?

வாங்கும்போது கேளுங்கள்: "இதைச் செய்தவர் யார்? அவர் கைக்கு எவ்வளவு போகிறது?" பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே வாங்குங்கள், செய்தவரே விற்றால் அவரிடமே வாங்குங்கள். ஒரு மாத உழைப்பில் உருவான பூவேலையைப் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நம் கூலியில் பத்து ரூபாய் குறைத்தால் நாம் கொடி பிடிக்கிறோமே! புலி நகம், மான் கொம்பு, தந்தம் என்று எவனாவது காதோரம் கிசுகிசுத்தால் விலகிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்; விற்றவனோடு வாங்கியவனும் சிறைக்குப் போவான்.

நாம் கொடுப்பது பிச்சை அல்ல; இரக்கமும் அல்ல. உழைப்புக்கு உழைப்பாளி கொடுக்கும் விலை. அடுத்த முறை உங்கள் வீட்டு அலமாரியில் உண்ணிச்செடி யானை ஒன்று நிற்கட்டும். "இது எங்கே வாங்கியது?" என்று கேட்கும் பிள்ளையிடம், வாங்கிய இடத்தை மட்டுமல்ல, செய்த மக்களின் பெயரையும் சொல்லுங்கள்.