உண்டபின் குருதியில் ஓடும் கொழுப்பு

'உண்ட களைப்புத் தொண்டருக்கும் உண்டு' என்பது பழமொழி. மதிய உணவின் பின் சற்றுச் சாய்ந்திருத்தலை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால், உண்டவர் ஓய்ந்திருக்கும் அவ்வேளையிலும் அவருடைய குருதிக்கு ஓய்வில்லை. தேங்காய்ப்பாற் கறியும் பொரியலும் நிறைந்த உணவை உண்டு மூன்று நான்கு மணி நேரஞ் சென்றபின் ஒருவருடைய குருதியை எடுத்து, செவ்வணுக்கள் அடியிற் படியும்வரை வைத்தால், மேலே நிற்கும் நீர்ப்பகுதி பால் கலந்தாற்போல் மங்கியிருத்தல் கூடும். அதே மனிதரின் குருதியை விடியற்காலையில் வெறுவயிற்றில் எடுத்தால், அந்நீர் பொதுவாகத் தெளிந்திருக்கும். இம்மங்கலுக்குக் காரணம் உணவிலிருந்து வந்த கொழுப்பே.

மாப்பொருளும் புரதமும் சமிபாடடைந்தபின் குடலிலிருந்து நேரே ஈரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் வழி வேறு. பித்தநீரின் துணையாற் கரைந்து சிதையும் கொழுப்பைக் குடற்சுவரின் கலங்கள் மீண்டும் ஒன்றுசேர்த்து, புரத உறையிட்ட நுண்ணிய உருண்டைகளாக்குகின்றன. கைலோமைக்கிரோன் எனப்படும் இவ்வுருண்டைகள் நிணநீர்க் குழாய்களின் வழியே மார்பினூடாக மேலேறி, கழுத்தின் இடப்புற அடியிலுள்ள பெருநாளத்திற் கலக்கின்றன. இச்சுற்றுவழியினால், குருதிக் கொழுப்பு உச்சத்தை அடைய 3 அல்லது 4 மணி நேரமும், பழைய நிலைக்கு மீள 6 முதல் 8 மணி நேரமும் ஆகின்றன. அதற்குள் அடுத்த வேளை உணவு வந்துவிடுகிறது. ஆகவே, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை மனிதர் இந்நிலையிலேயே கழிக்கின்றனர். வெறுவயிற்றுப் பரிசோதனை இந்நிலையை முழுமையாகக் காட்டுவதில்லை.

இதனால் வரக்கூடிய தீங்கு யாது? கொழுப்பை இழந்து சிறுத்த உருண்டைகளின் எச்சங்கள், கொலஸ்திரோலைச் சுமந்துகொண்டு நாடிகளின் சுவரிற் புகுந்து தங்கக்கூடும். நாடித் தடிப்பு பெருமளவு உணவின் பின்னரான வேளைகளிலேயே வளர்கிறது என்னும் கருத்தை சில்வர்ஸ்மிட் என்ற அறிஞர் 1979ஆம் ஆண்டில் முன்வைத்தார். ஒரு நாள் விருந்தினால் எவருக்கும் நாடி அடைபடுவதில்லை. நாள்தோறும் நெடுநேரம் தேங்கும் கொழுப்பே அஞ்சத்தக்கது.

இக்கொழுப்பை அகற்றும் பணியில் தசைகளுக்குப் பெரும் பங்குண்டு. தசைகளிலும் கொழுப்பிழையத்திலும் உள்ள மயிர்க்குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேசு என்னும் நொதியம் அமைந்துள்ளது. அது உருண்டைகளிலுள்ள கொழுப்பைச் சிதைத்து இழையங்களுக்கு ஊட்டுகிறது. உழைத்த தசையில் இந்நொதியத்தின் ஆற்றல் பெருகுகிறது. ஆனால் உடனே அன்று, சில மணி நேரங் கழித்தே. அதனோடு, ஈரல் தானாகக் குருதியிற் சேர்க்கும் கொழுப்பும் உடற்பயிற்சியின் பின் குறையலாம். எனவே, இன்று மாலை விரைந்து நடப்பவர் நாளைக் காலை உணவுக்கே முன்னேற்பாடு செய்கிறார் எனலாம். உண்டபின் உலாவுதலும் பயனற்றதன்று. எனினும், கொழுப்பைப் பொறுத்தவரை முந்திய நாளின் நடைக்கே சிறப்பு அதிகம்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் ஹார்ட்மன் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதனை ஆராய்ந்தனர். முதல் நாள் விரைந்து நடந்தவர்கள் மறுநாட் காலையிற் கொழுப்பு மிக்க உணவை உண்டபோது, அவர்களின் குருதிக் கொழுப்பு நடவாத நாளிலும் பார்க்கக் குறைவாகவே உயர்ந்தது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் அக்குறைவு ஏறக்குறைய 20 வீதம் அல்லது சற்றுக் கூடுதலாகும். ஒரே தொடராக நடந்தாலும், அதே நேரத்தை மூன்றாகப் பகுத்து நடந்தாலும் பயன் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், நெடுநாட் பயிற்சியுடையோரும் பயிற்சியை நிறுத்தியபோது, மூன்று நாட்களுக்குள் அப்பயனிற் பெரும்பகுதியை இழந்தனர்.

இவ்விடத்தில் ஜெரமி மொரிஸ் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் சாரதிகள் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். நடத்துநர்களோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளில் ஏறி இறங்கினர். நடத்துநர்களிடையே இதயநோய் குறைவாகவே காணப்பட்டது. அந்த ஆய்வு உணவின் பின்னரான கொழுப்பை அளக்கவில்லை. சாரதிகளின் உடற்பருமனும் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம். ஆயினும், நடத்துநரின் உழைப்பு வேலைநாள் தோறும் நிகழ்ந்த உழைப்பு என்பது கருதத்தக்கது.

பணத்தைச் சேமிப்பதுபோல் உடற்பயிற்சியின் இப்பயனைச் சேமித்து வைத்தல் இயலாது. இளமையில் ஓடிய ஓட்டம் முதுமையின் உணவைச் செரிக்க உதவாது. ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தின் பயன் வியாழக்கிழமை வரை நில்லாது. நடந்தோம் என்பதற்காக மிகுதியாக உண்டால், பெற்ற பயனும் குறைந்துபோகும். இதயநோய் உள்ளோர் வைத்தியரின் ஆலோசனையுடன் தொடங்குதல் வேண்டும். ஏனையோர் நாள்தோறும், இயலாவிடில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது, அரைமணி நேரமேனும் விரைந்து நடத்தல் நன்று. அவ்வாறு நடப்பவர் மதிய உணவின் பின் சற்றே சாய்ந்திருந்தாலும், நேற்று உழைத்த அவருடைய தசைகள் இன்றைய கொழுப்பை அகற்றிக்கொண்டிருக்கும்.