உங்களுக்குத் தெரியுமா? எந்த நரம்பு, எந்த அசைவு?

● கங்கைகொண்டான் பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்றால், "எல் ஃபோர், எல் ஃபைவ் தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாவ" என்று யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வார். இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளான அவற்றுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது எல்5 நரம்பு. கால் கட்டைவிரலை மேலே தூக்குவது அதன் வேலை. இடுப்பு வலி என்று போனவரிடம் டாக்டர் கட்டைவிரலைத் தூக்கச் சொல்வது அதனால்தான்.

● கழுத்தில் எலும்பு 7. நரம்போ 8 ஜோடி: சி1 முதல் சி8 வரை.

● சிப்காட் ஷிப்டுக்கு பைக்கில் போகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்க மணிக்கட்டை வளைப்பது முக்கியமாக சி6 தயவில். கிளட்சைப் பிடிக்கும் விரல்களுக்கு சி8. கால் பிரேக்கை மிதிக்க இடுப்புக்கும் கீழேயுள்ள எஸ்1. 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் காட்டிலிருந்து புள்ளிமான் குறுக்கே பாய்ந்தால் சி8, எஸ்1 இரண்டுக்கும் ஒரே நொடியில் வேலை. ஒரு தசைக்கு ஒரே நரம்பு என்று கணக்கில்லை. பக்கத்து மட்டங்களும் ஒத்தாசை செய்யும்.

● பனையிலிருந்து விழுகிறவர்களுக்கு அதிகம் நொறுங்குவது நெஞ்செலும்புக் கூட்டுக்குக் கீழே, முதுகும் இடுப்பும் சேரும் இடம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முடிவதும் அதையொட்டித்தான். கால்களுக்கான நரம்புகள் அத்தனையும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. கை முழு பலத்தோடு இருக்க, கால் மட்டும் போய்விடும். விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது பெரிய ஆபத்து. அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

● கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தார். அடி கைக்கான நரம்புகளுக்குக் கீழே என்பதால் விரல்கள் தப்பின. வேலூர் சி.எம்.சி.யில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்!

● அதே அடி கழுத்தில் பட்டால் கதையே வேறு. பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வுக்காக பெங்களூரு போனார். அங்கே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் ஆய்க்குடியில் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், அவருக்குச் சிகிச்சையளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத் தாங்கியது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ.

● கழுத்தில் ஒரே ஒரு மட்டம் என்ன பெரிதாகச் செய்துவிடும்? சி5 வரை பிழைத்தால் முழங்கை மடங்கும், அவ்வளவுதான். சி6-ம் பிழைத்தால் மணிக்கட்டு நிமிரும். இப்போதே கையைத் தளர்த்தி மணிக்கட்டைப் பின்னால் வளைத்துப் பாருங்கள்: விரல்கள் தாமாக உள்ளே மடங்கும். விரலுக்குப் போகும் நரம்பு செத்தாலும் இந்தப் பிடி கிடைக்கும். தசைநார் இழுபடுவதால் வருவது அது. அதனால்தான் பிசியோதெரபிஸ்ட், சி6 நோயாளியின் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நீட்டி இழுக்க விடமாட்டார். அந்த நார் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தால்தான் டம்ளரைத் தானே எடுத்துத் தண்ணீர் குடிக்கலாம்.