மிஞ்சிய உருளைக்கிழங்கு மசியலை மொறுமொறுவெனப் பொரித்து நோயாளிக்குத் தரலாமா?

நோயுற்றவர் இருக்கும் வீட்டில் உணவு மிஞ்சுவது வழக்கம். காரமின்றி, மென்மையாக இருக்கட்டும் என்று உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து வைக்கிறார்கள். நோயாளி இரண்டு கரண்டி மட்டும் உண்டு, போதும் என்கிறார். மறுநாள் அவரே, வாய்க்குச் சுவையாக ஏதேனும் மொறுமொறுப்பாக வேண்டும் என்று கேட்கிறார். குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் அந்த மசியலைக் கட்லெட்டாகவோ போண்டாவாகவோ பொரித்துத் தரலாமா என்பது உடனிருந்து பராமரிப்போர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று.

பெரும்பாலான நோயாளிகளுக்குத் தரலாம் என்பதே எங்கள் விடை. பசி மங்கியிருப்பவர் விரும்பி உண்ணும் எந்த உணவும் மதிப்புடையது. ஆயினும், அந்தக் கட்லெட் பாதுகாப்பானதா என்பதைப் பொரிக்கும் எண்ணெய் தீர்மானிப்பதில்லை. முதல் நாள் மசியலை இறக்கி வைத்த பின் கழிந்த இரண்டு மணி நேரமே அதைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

பொரித்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது

"கொதிக்கும் எண்ணெயில் போட்டபின் எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று பலர் எண்ணுகிறார்கள். இதில் பாதி மட்டுமே உண்மை.

மண்ணிலும் தானியங்களிலும் கிழங்குகளிலும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா இயல்பாகவே காணப்படுகிறது. இது வித்துகளாக உறங்கும் திறன் கொண்டது. கிழங்கை வேகவைக்கும் வெப்பத்திலும் அவ்வித்துகள் தப்பிப் பிழைக்கின்றன. வெந்த மசியல் அடுப்படி மேடையில் மெல்ல ஆறும்போது அவை விழித்துப் பெருகுகின்றன. இவற்றுள் சில வகைகள் மாவுச்சத்து மிகுந்த உணவில் வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. நம் கைகளிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவும் இவ்வாறே நஞ்சைச் சுரக்க வல்லது. மசிக்கும்போதும் உருட்டும்போதும் கைபடும் உணவு என்பதால் இதற்கும் வாய்ப்பு உண்டு.

இவ்விரு நஞ்சுகளும் வெப்பத்தைத் தாங்குபவை. எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தாலும், கட்லெட்டின் உட்பகுதி நீர் நிறைந்தது. அது 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அவ்வளவு சூட்டில் பாக்டீரியா மடியலாம். அது முன்பே சுரந்துவிட்ட நஞ்சு மடியாது. அந்த நஞ்சுக்குத் தனி மணமோ சுவையோ இல்லாததால், முகர்ந்து பார்த்தும் கண்டறிய இயலாது.

நலமாக உள்ளவருக்கு இது ஒரு நாள் வாந்தியோடு முடிந்துவிடும். முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர் ஆகியோருக்கு அதே வாந்தி மருத்துவமனை அனுமதியில் முடியக்கூடும்.

சமைத்த அன்றே செய்ய வேண்டியவை

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே பாக்டீரியா பெருகும் களம். நம் கோடைக்காலச் சமையலறைகளில் ஒரு மணி நேரத்தையே எல்லையாகக் கொள்வது நல்லது.

1. நோயாளிக்குப் பரிமாறும் முன்பே, மிஞ்சும் எனத் தோன்றும் பகுதியைத் தூய கரண்டியால் தனியே எடுத்துவிடுங்கள். அவர் உண்ட தட்டில் எஞ்சியதைச் சேமிக்க வேண்டாம்.

2. ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும். அகன்ற தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி ஆறவிடுங்கள்.

3. ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். முழுவதும் குளிரும் வரை வெளியே காத்திருக்க வேண்டியதில்லை.

4. பொதுவாக இது மூன்று நாள் வரை கெடாமல் இருக்கும். ஆயினும் நோயாளிக்கென்றால் மறுநாளே பயன்படுத்திவிடுங்கள். பால், வெண்ணெய், தேங்காய் சேர்த்த மசியலில் இன்னும் கவனம் தேவை. மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அதைக் கழித்துவிடுவதே முறை.

இரவு முழுதும் மேடையில் இருந்த மசியலை எவ்வகையிலும் மீட்க இயலாது. உணவை வீணாக்க மனம் ஒப்பாத நம் வீட்டுப் பெரியோருக்கு இதைச் சொல்வது கடினம். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் செய்யும் முறை

300 கிராம் மசியலில், அதாவது நடுத்தர அளவில் மூன்று உருளைக்கிழங்கு மசித்த அளவில், எட்டு சிறிய கட்லெட்டுகள் வரும்.

முதலில் மசியலை அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் இட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். எல்லாப் பக்கமும் ஆவி பறக்க வேண்டும். உணவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்டவேண்டும் என்பதே இதன் நோக்கம். இதில் இன்னொரு பயனும் உண்டு: மசியலில் உள்ள கூடுதல் ஈரம் வற்றுகிறது. ஈரம் குறைந்தால்தான் கட்லெட் உடையாமலும் எண்ணெய் குடிக்காமலும் மொறுமொறுப்பாக வரும். குளிர்ந்த மசியலை அப்படியே உருட்டிப் பொரித்தால், வெளிப்புறம் சிவந்த பின்னும் உள்ளே சில்லென்று இருக்கக்கூடும்.

கை பொறுக்கும் சூடு வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும், கழுவிப் பிழிந்த ஒரு கைப்பிடி அவலும் சேர்த்துப் பிசையுங்கள். மசியலில் முன்பே உப்பு இருக்கும் என்பதால் சுவைத்துப் பார்க்காமல் மீண்டும் உப்பிட வேண்டாம். சீரகத்தூள், பொடியாக நறுக்கிய கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு ஆகியவை உப்பின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். உடல் எடை குறைந்து வருபவருக்கு, துருவிய பன்னீர் 50 கிராம் அல்லது பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் புரதம் கூடும். உருளைக்கிழங்கில் மட்டும் புரதம் மிகக் குறைவு.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், ஒரு விரற்கடை தடிமனில் தட்டையாகத் தட்டுங்கள். ரஸ்க் தூளில் புரட்டி உடனே பொரித்துவிடுங்கள். தட்டியவற்றை மாலைக்கென்று வெளியே வைக்க வேண்டாம்.

மொறுமொறுப்புக்கு எண்ணெய்க் குளியல் தேவையில்லை

சூடான எண்ணெய் பட்டவுடன் மேற்பரப்பில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. நீர் வற்றிய மெல்லிய ஓடே நாம் கடித்து மகிழும் மொறுமொறுப்பு. வெளியேறும் ஆவி, எண்ணெய் உள்ளே புகுவதையும் தடுக்கிறது. எண்ணெய் சூடேறாமல் இருந்தாலோ, ஒரே நேரத்தில் பல கட்லெட்டுகளை இட்டாலோ ஆவி வேகமாக எழாது. ஓடு உருவாகாமல் கட்லெட் எண்ணெயில் ஊறிவிடும்.

ஆகவே, தோசைக்கல்லில் இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சூடேறியதும் இருபுறமும் திருப்பி எடுத்தாலே போதும். இன்னும் எளிய வழி நம் பணியாரச் சட்டி. மாவைச் சிறு உருண்டைகளாக்கி, குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி வேகவைத்தால் போண்டாவின் மொறுமொறுப்பு ஏறத்தாழ கிடைத்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். உடல் மெலிந்தவருக்கு மட்டும் இக்கணக்கு வேறு. அவருக்கு அந்தக் கலோரி தேவைப்படலாம்.

பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். மாவுச்சத்துள்ள உணவு 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். நிறம் கருக்கக் கருக்க இதன் அளவு கூடும். எப்போதாவது உண்ணும் இரண்டு கட்லெட்டுக்காக அஞ்ச வேண்டியதில்லை. கருக விடாமல் எடுப்பது போதும்.

பலமுறை காய்ச்சிய எண்ணெயைத் தவிருங்கள். மிகுதியாகச் சிதைந்த எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் வரம்பு விதித்துள்ளது. எண்ணெய் வடிய செய்தித்தாளைப் பயன்படுத்த வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும்.

யாருக்கு எவ்வளவு?

நீரிழிவு உள்ளோர்: வேகவைத்துக் குளிரவைத்த கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மையே. ஆனால் அதை நம்பிக் கூடுதலாக உண்ணும் அளவுக்கு வேறுபாடு பெரியதன்று. மேற்சொன்ன அளவில் செய்த இரண்டு கட்லெட்டுகள், மாவுச்சத்தில் ஏறத்தாழ இரண்டு இட்லிக்கு ஈடு. ஆகவே இட்லியோடு சேர்த்து உண்ணாமல், இரண்டு இட்லிக்குப் பதிலாக உண்ணுங்கள்.

சிறுநீரக நோயாளிகள்: இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதியாக உள்ளவர்களுக்கு உருளைக்கிழங்கு கவனத்துக்குரியது. வேகவைத்த 100 கிராம் கிழங்கில் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டினால் ஏறத்தாழ பாதி குறையும். குக்கரில் தோலோடு முழுதாக வேகவைத்தால் பெருமளவு உள்ளேயே தங்கிவிடும். மசித்த பின் அதை நீக்க வழியில்லை. எனவே எப்படி வேகவைத்த மசியல் என்பது தெரியாவிட்டால் தவிர்த்துவிடுங்கள். பொட்டுக்கடலை மாவும் இவர்களுக்கு வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் இருப்பதால் அதையும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டாம்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்: தோசைக்கல்லில் செய்ததை எப்போதாவது உண்ணலாம். தொட்டுக்கொள்ள ஊறுகாய், சாஸ் வேண்டாம். புதினாச் சட்னியை உப்புக் குறைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோர்: இவர்களுக்குத் தர வேண்டாம். உதிரும் மேலோட்டுத் துகள்கள் மூச்சுக்குழாயில் நுழையக்கூடும். புதிதாகச் செய்த மசியலையே, விழுங்கும் பயிற்சியாளர் சொன்ன பதத்தில் தாருங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோர்: வாய்ப்புண் இருந்தால் மொறுமொறுப்பான விளிம்புகள் வலியைக் கூட்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மிஞ்சிய உணவையே தவிர்த்து, அன்று வேகவைத்த கிழங்கில் செய்துகொடுங்கள்.

கோதுமைப் புரத ஒவ்வாமையால் குடல் பாதிக்கப்பட்டோர்: ரஸ்க் தூள், மைதா, ரவை மூன்றும் ஆகாதவை. அரிசி மாவில் புரட்டுங்கள்.

வார்டுக்குக் கொண்டு வரும்போது

வீட்டில் பொரித்து எடுத்து வரும் கட்லெட்டைச் சூட்டோடு மூடினால் ஆவி தங்கி நமுத்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது நேரம். சூடு காக்கும் பாத்திரத்தில் உணவு சில மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அதுவே பாக்டீரியா விரும்பும் நிலை. நண்பகல் வந்த உணவை இரவு வரை கட்டிலருகே வைத்திருக்காதீர்கள். கொண்டு வந்தவுடன் தாருங்கள். மிஞ்சினால் மீண்டும் சேமிக்க வேண்டாம். மிஞ்சியதை ஒருமுறை மட்டுமே மறுபடி சூடாக்கலாம். வார்டில் தரும் முன் செவிலியரிடமோ உணவியல் நிபுணரிடமோ ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவராகவும் அவர் இருக்கலாம்.

எப்போது உடனே வர வேண்டும்?

உண்ட சில மணி நேரத்துக்குள் தொடங்கும் வாந்தியும், அரை நாளுக்குள் வரும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகத் தாருங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழ்க்காணும் நிலைகளில் காத்திருக்க வேண்டாம்:

• தண்ணீரும் வயிற்றில் தங்காமல் இருத்தல்
• மலத்தில் இரத்தம் அல்லது கடும் காய்ச்சல்
• சிறுநீர் வெகுவாகக் குறைதல், மயக்கம், குழப்பம்
• நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்குதல்
• நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் உண்ண இயலாமல் போதல். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாமல் எங்களை அழையுங்கள்.

நோயாளி விரும்பிக் கேட்கும் உணவை மறுப்பது எங்களுக்கும் மகிழ்ச்சி தருவதன்று. மசியல் மிஞ்சும் எனத் தெரிந்தவுடன் ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஆறவைத்து, குளிரில் வைத்துவிடுங்கள். மறுநாள் அவர் கேட்கும்போது தயங்காமல் சூடாகச் செய்து கொடுக்கலாம்.